குந்தவை: ஒரு பெயரின் வரலாறு



யார் நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியை, ஆண்டுத் தொடக்கத்தில் முதல் பாடமாகப் பாடநூலைத் திறக்க மாட்டார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டைத் திறப்பார். உன் பெயர் யாருடைய பெயர், யார் வைத்தது, வீட்டில் கேட்டு வா என்பார். அவருடைய நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு பெண்ணின் பெயரையே பொருளாக எடுத்துக்கொள்வது தகும் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் இல்லாத பெயர், ஆனால் தொட்டிலில் மிக அரிதாகவே இடப்படும் பெயர் ஒன்றைத் தேர்ந்தேன். குந்தவை.

குந்தவை என்றதும் ராஜராஜ சோழனின் அக்காள் நினைவுக்கு வருகிறார். அந்தப் பெயர் அவரோடு பிறந்ததன்று. அவருக்கு நூறாண்டுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்துக் கல்வெட்டில் ஒரு குந்தவ்வை இருக்கிறார். மேலைக் கங்க மன்னன் பிருதிவீபதியின் மகள். வாண அரசன் வித்தியாதரனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிறந்த வீடு கன்னட நாட்டுத் தொடர்புடையது, புகுந்த வீடு பாலாற்றங்கரை. அடுத்து, 10ஆம் நூற்றாண்டில், சோழன் அரிஞ்சயனின் தேவியருள் ஒருவராக வீமன் குந்தவையார் வருகிறார். அதற்கும் பிறகுதான் சுந்தர சோழனின் மகள் பராந்தகன் குந்தவையார்.

வீமன், பராந்தகன் என்று முன்னால் நிற்பவை தந்தை பெயர்கள். சுந்தர சோழனின் இயற்பெயர் பராந்தகன். தந்தையின் பெயரை முன்னிறுத்தித் தன் பெயரைப் பின்னால் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று, இன்றைக்கு இனிஷியல் என்கிறோம். ஒரே பெயரைத் தாங்கிய பெண்கள் ஒரு குலத்தில் பலர் இருந்தபோது, எந்தக் குந்தவை என்று ஆயிரம் ஆண்டு கழித்து நாம் பிரித்தறிய உதவுவது அந்த ஒரு சொல்தான்.

பெயருக்கு என்ன பொருள்? பழைய வடிவம் குந்தவ்வை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வை என்பது தாய், பெரியவள், மதிப்புக்குரிய பெண். நம் ஔவையும் அதுவே. கன்னடத்தில் அவ்வெ, அப்பெ என்று பெண் பெயர்களின் இறுதியில் வரும். கன்னடக் கவி ரன்னனைப் புரந்த அத்திமப்பெயின் பெயர் அப்படி முடிவதே. ஆகப் பின்பாதியில் ஐயமில்லை. முன்பாதியில்தான் சிக்கல். வடமொழியில் இரண்டு சொற்கள் உண்டு: ஒன்று மல்லிகை வகைப் பூ, மற்றொன்று ஈட்டி. அங்கே ஒலியும் வேறு, எழுத்தும் வேறு. தமிழுக்கு வரும்போது இரண்டும் குந்தம் என்ற ஒரே வடிவில் வந்து நின்றுவிடுகின்றன. பூவின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது இயல்பு என்பதாலும், அவ்வை என்ற ஈற்றோடு அது நன்றாகப் பொருந்துவதாலும், நான் மல்லிகையின் பக்கமே நிற்கிறேன்.

இந்தப் பெயர் எந்த மண்ணில் இயல்பாக வழங்கியது என்பதற்கு இன்னொரு சான்று போளூர் அருகே திருமலையில் இருக்கிறது. அங்கே உள்ள சமணக் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி அந்தக் கோயிலில் விளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்ததைச் சொல்கிறது. அந்தப் பெண்மணியின் பெயர் சாமுண்டப்பை. மல்லியூர் இருந்தது பெரும்பாணப்பாடியில், அதாவது பழைய வாண நாட்டில். முதல் குந்தவ்வை மருமகளாகப் போனாரே, அதே நாடு. சோழ இளவரசியின் பெயரால் அமைந்த கோயிலுக்கு, அதே வகை ஈறு கொண்ட பெயருடைய ஒரு வணிகன் மனைவி விளக்கு வைத்திருக்கிறார். அரண்மனைப் பெயர் என்று நாம் நினைப்பது அந்த வட்டாரத்தில் கடைத்தெருவுக்கும் உறவுடைய பெயர்தான்.

இனிப் பராந்தகன் குந்தவையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் வெட்டுவித்த ஆணையில் ஒரு வரிசை உண்டு. தான் கொடுத்தவை, அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவை, அதன் பிறகே தன் தேவியர் கொடுத்தவை, பின் மற்றவர்கள் கொடுத்தவை. சொன்ன வரிசையைக் கல்லிலும் காப்பாற்றியிருக்கிறான். அரசியரின் கொடைகள் திருச்சுற்று மாளிகைப் பக்கம் இருக்க, அக்காளின் கொடைகள் அரசனின் கொடைகளோடு விமானத்திலேயே இருக்கின்றன.

அந்தக் கொடைப் பட்டியலை முழுக்கப் படிக்கும் பொறுமை நம்மில் பலருக்கு இருப்பதில்லை. பொன் நகைகளை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்து, ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு நடுவே, குந்தவையார் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் வரிசையில், தந்தையின் படிமமும் தாயின் படிமமும் வருகின்றன. தந்தையைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று கல்வெட்டு குறிக்கிறது. காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தவர். தாய் வானவன்மாதேவி, கணவரோடு தீப்புகுந்தவர். கைக்குழந்தையைப் பிரிந்து அவர் போனதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. அப்படித் தாயை இழந்த மகள், பல ஆண்டுகள் கழித்து, தம்பி கட்டிய கோயிலில் தாய்க்கும் தந்தைக்கும் படிமம் எடுக்கிறார். எடையும் கணக்கும் மட்டுமே பேசும் கல்வெட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்வதில்லை. படித்த நாளிலிருந்து என்னால் அந்த வரிகளை வெறும் கணக்காகக் கடந்து போக முடிந்ததில்லை.

பூசைக்கும் திருவமுதுக்கும் அவர் வைத்த முதல், ஊர்ச் சபைகளிடம் காசாகக் கொடுக்கப்பட்டது. தஞ்சைக் கல்வெட்டுகளில் காணும் வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடக்கூடாது, வட்டியில் அறம் நடக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும். இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறக்கட்டளை நிகழ்ச்சியும் அந்த முறையில்தான் நடக்கிறது, வங்கி வைப்புத்தொகையின் வட்டியில். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் அவர் கோயில் எடுத்தார். பெருமாள் கோயிலுக்குக் குந்தவை விண்ணகர் என்றும் சமணக் கோயிலுக்குத் திருமலையில் போலவே குந்தவை ஜினாலயம் என்றும் பெயர். தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்று, நோயாளிகளுக்கான மருத்துவச் சாலைக்கும் நிலம் கொடுத்தார். தன் பெயரைக் கோயிலுக்கும் தந்தையின் பெயரை மருத்துவச் சாலைக்கும் வைத்தவர் அவர்.

தம்பி இந்தப் பெயரைத் தன் மகளுக்கு இட்டான். அத்தையின் பெயரைத் தாங்கிய அந்த இளைய குந்தவை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்து கோதாவரிக் கரைக்குப் போனார். அவருடைய மகன் ராஜராஜ நரேந்திரன். நன்னயரைக் கொண்டு தெலுங்கு மகாபாரதத்தைத் தொடங்கி வைத்தவன். ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனுடைய தங்கைக்கு என்ன பெயர்? குந்தவை. தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயர் பேத்திக்கு வந்திருக்கிறது. 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டில் இவர் ராஜராஜன் குந்தவை ஆழ்வார். அங்கே ராஜராஜன் என்பது தந்தையான வேங்கி அரசனைக் குறிக்கும், தஞ்சைப் பெருவேந்தனை அன்று. தில்லைக் கூத்தருக்குப் பொற்கொடை கொடுத்தவர் இவர். காம்போச மன்னன் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல் ஒன்று திருச்சிற்றம்பலத்தின் முன் வைக்கப்பட்ட செய்தியும் அதே கல்வெட்டில் இருக்கிறது.

பேரன், பேத்தி என்ற சொற்களைப் பெயரன், பெயர்த்தி என்று அகராதி காட்டும். பெயரைச் சுமப்பவர்கள். பொருள் தெரிந்ததால் ஒரு பெயர் வாழ்வதில்லை, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைமாறுவதால் வாழ்கிறது. குந்தவை என்ற பெயர் பாலாற்றிலிருந்து காவிரிக்கும், காவிரியிலிருந்து கோதாவரிக்கும், அங்கிருந்து மறுபடி தில்லைக்கும் வந்தது பெண்கள் கொண்டுவந்ததால்தான். அந்தக் கைமாற்றம் அறுந்ததும் பெயரும் நின்றது. குலோத்துங்கனின் தேவியர் பெயர்கள் தியாகவல்லி, ஏழிசைவல்லபி என்று பொருள் வெளிப்படையாகத் தெரியும் பெயர்கள். குந்தவை கல்வெட்டுத் தொகுதிகளுக்குள் போய்விட்டது.

அதை வெளியே கொண்டுவந்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை அவருடைய பொன்னியின் செல்வன் நாவல் தொடராக வந்தபோது, ராஜராஜனின் அக்காள் குந்தவை இளைய பிராட்டியாக வீடுதோறும் நுழைந்தார். 2022 செப்டம்பரில் வெளியான திரைப்படத்தில் த்ரிஷா அந்த வேடமேற்றார். தஞ்சையில் குந்தவை நாச்சியார் பெயரால் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கத் தயங்குகிறோம். அதே நாவலின் வானதி பள்ளிகளில் சாதாரணமாகக் காதில் விழும் பெயர். பூங்குழலியும் அப்படியே. நந்தினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசகர்கள் அதிகம் நேசித்த இளவரசியின் பெயர் மட்டும் கதையோடு நிற்கிறது.

காரணங்கள் இல்லாமல் இல்லை. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன் பின்வந்த அரசியல் எழுச்சியும் கயல்விழி, தமிழ்ச்செல்வி போன்ற அழகிய பெயர்களைக் கொடுத்தன. கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே கொடுத்தன. அந்த அளவுகோலில் குந்தவை தேறுவதில்லை. இன்னொரு காரணம் வகுப்பறை. வட மாவட்டங்களில் உட்காருவதற்குக் குந்து என்பார்கள். இந்தப் பெயரைப் பிரித்துச் சொல்லி ஒரு சிறுமியை அழவைக்க ஐந்து வயதுப் பையன் ஒருவன் போதும். பெற்றோர் அதற்கு அஞ்சுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிறுமிக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்: இது மல்லிகைப் பெயர், இதன் முடிவில் ஔவை இருக்கிறாள், இந்தப் பெயர் பெரிய கோயில் விமானத்தில் அரசன் பெயருக்கு அடுத்ததாக வெட்டப்பட்டிருக்கிறது என்று. கேலிக்குப் பதில் சொல்ல ஒரு குழந்தைக்கு அவ்வளவு போதும்.

பிறப்புச் சான்றிதழுக்காகப் பெயர் தேடும் இளம் பெற்றோர் இன்று கைபேசியில் பட்டியல் பார்க்கிறார்கள். பட்டியல் போடுபவர்கள் எண் கணிதம் பார்த்து, எந்த மொழியிலும் இல்லாத சொல்லுக்கு ஏதோ ஒரு பொருள் எழுதி விற்கிறார்கள். நம்மிடமோ தஞ்சைக் கல்வெட்டு ஒன்றிலேயே கோயிற்பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற முகவரியோடு இருக்கின்றன. சேரமங்கை, எடுத்தபாதம் என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களுக்கும் அரசியரின் பெயர்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு.

ஆகவே அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டு வட்டியில் இந்த உரையை அச்சிட்டது போக மிஞ்சும் தொகையைக் கொண்டு, அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலுள்ள பெண் பெயர்களை மட்டும் தொகுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன கொடுத்தார் என்ற மூன்று செய்திகளோடு ஒரு சிறு நூலாக வெளியிடுங்கள். இந்தக் கல்லூரியின் முதுகலை மாணவியர் மாவட்டத்துக்கு ஒருவராக எடுத்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் முடியும். படி எடுப்பது எப்படி, அரைக்கால், மாகாணி என்ற பழைய பின்னங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர நான் வருகிறேன். விலையைக் குறைவாக வையுங்கள். மகப்பேறு மருத்துவமனைகளின் வரவேற்பு மேசைகளில் அந்த நூல் கிடைக்க வேண்டும்.