கடல் விலகிய நகரம்

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நான் கழித்தது ஒரேயொரு பகல்தான். பிரசல்ஸிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். ஜோர்ஜ் ரோடன்பாக் 1892இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய 'இறந்த புரூஜ்' நாவல்தான் என்னை அங்கு இழுத்தது. மனைவியை இழந்த ஒருவன், தன் துயருக்கு ஒத்த ஊரென்று அங்கே குடியிருக்கிறான். வீதிகளும் கால்வாய்களும் நாவலில் பாத்திரங்களாகவே நடமாடுகின்றன.

மத்திய காலத்தில் ஸ்வின் என்ற கடற்கழியால் வளம்பெற்ற வணிக நகரம் அது. கழியில் மணல் மண்டியது. வணிகம் அன்ட்வேர்ப்புக்குப் பெயர்ந்தது. இடித்துப் புதிதாய்க் கட்ட வசதியில்லாமற் போனதால் பழைய வீடுகள் தப்பின. வறுமை காத்த அழகு! அந்த அழகுக்காக யுனெஸ்கோ 2000இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஆனால், 'இறந்த' என்ற சொல்லை அவ்வூரார் எப்படிப் பொறுப்பார்கள்? கடலை மீளப் பெற முயன்றவர்கள் அவர்கள். 1907இல் சீபுரூஜ் துறைமுகமும் திறக்கப்பட்டது.

படகில் போகையில், கால்வாயோரத்து மாடி யன்னலில் ஒரு மூதாட்டி துணி உதறிக்கொண்டு நின்றார். படகிலிருந்தோர் எல்லோரும் கமராக்களை உயர்த்தினர். அவர் திரையை இழுத்து மூடினார். என் கையிலும் கமரா இருந்தது.