தொடுவில்லைக்குப் பழகும் கண்கள்



மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு மழை பெரும் பகை. இரத்தினபுரி மாவட்டத்திலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய கேகாலைப் பகுதிகளிலும் வாழ்பவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் இளைஞர் சிலர் மென் தொடுவில்லையை, அதாவது கன்டக்ட் லென்ஸை, நாடுவது வியப்பன்று.

1961ஆம் ஆண்டின் இறுதியில், செக்கோஸ்லோவாக்கிய இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலே அமைத்த பொறியில் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்காவில் அவை விற்பனைக்கு அனுமதி பெற்றன. முன்னிருந்த கடின வில்லைகளுக்குக் கண் பழக வாரக் கணக்காகும். நீரை உறிஞ்சி மென்மையுறும் இவ்வில்லைக்கோ சில நாட்களே போதும்.

முதல் நாள் கண் கலங்கும். இமையோரத்தில் ஏதோ தூசி கிடப்பது போலத் தோன்றும். இது இயல்பே. விழியின் முன்னுள்ள பளிங்கு போன்ற விழிவெண்படலத்துக்கு இரத்தக் குழாய் இல்லை; அது வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகின்றது. அதன்மேல் ஒரு மூடி இடுகிறோம் அல்லவா? ஆதலால் முதல் நாள் நான்கு மணி நேரமளவில் அணிந்து, பின்னர் நாளுக்கு ஓரிரு மணி நேரம் கூட்டுமாறு மருத்துவர் பணிப்பர். வில்லையை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். கிண்ணம் போல் நின்றால் சரி; விளிம்பு வெளியே விரிந்தால் அது புறம் மாறியுள்ளது. வில்லை கண்ணின் பின்னால் ஓடிவிடும் என்ற அச்சம் வேண்டாம். இமையின் உட்தோல் மடிந்து விழியோடு சேர்வதால் அங்கே வழியில்லை. அணிந்தபின் அடிக்கடி கண் சிமிட்டுவது நன்று. ஆனால், உறுத்தல் மணிக்கு மணி கூடுமானால் அது பழக்கமின்மையன்று. உடனே கழற்ற வேண்டும்.

கொழும்பிலே ஒழுங்காகப் பழகியவர் தீபாவளி விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. கொண்டுவந்த கரைசல் தீர்ந்துவிடுகிறது. பீலியில் கண்ணாடி போல் தெளிந்த நீர் விழுகிறது. அதிலே வில்லையைக் கழுவினால் என்னவென்று தோன்றும். கழுவவே கூடாது! மண்ணிலும் நன்னீரிலும், குழாய் நீரிலுங்கூட, அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அது வில்லையோடு ஒட்டிக் கண்ணிற் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்திட நேரும். பார்வையே போவதும் உண்டு. வீட்டில் உப்புக் கரைத்துக் கரைசல் செய்வதும் ஆகாது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இந்நோய் பெருகியபோது, நோயுற்றோரிற் பலர் அவ்வாறு செய்தவர்களே எனக் கண்டறியப்பட்டது. கரைசல் இல்லையேல் பழைய மூக்குக்கண்ணாடியே துணை. குளிக்கும்போதும் உறங்கும்போதும் வில்லை கண்ணில் இருத்தலாகாது.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உலரத் துடைத்த பின்னரே வில்லையைத் தொடவேண்டும். சம்பல் இடித்த கை எளிதில் தூய்மையாகாது என்பதை ஒருமுறை பட்டவர் மறவார். இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போர்மிக் அமிலம் புழங்கும் இடத்துக்கு வில்லையணிந்து செல்லாதிருப்பதே என் ஆலோசனை. அமிலம் தெறித்துவிட்டால் மட்டும் வேறு நியாயம்: உடனே நிறைய நீர்விட்டுக் கண்ணைக் கழுவுங்கள், கழுவும்போதே வில்லையையும் எடுத்துவிடுங்கள்.

நாற்பதைக் கடந்து, கிட்டப் பொருள் மங்கும் தோட்டத் தொழிலாளருக்கு நான் தொடுவில்லையைச் சொல்லேன். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 751 பேரிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், சாதாரண வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடுதலாக வேலைத்திறன் உயரப் பெற்றனர். விலை மலிந்த அக்கண்ணாடி நம் மலைகளுக்கும் ஏற்றதே.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைக் காணக் கூசினால் தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டுப் பார்க்க வேண்டாம். வில்லையைக் கழற்றிக்கொண்டு அன்றைக்கே இரத்தினபுரி அல்லது கேகாலை அரசாங்க வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் செல்லுங்கள். வில்லையை எறிந்துவிடாதீர்கள். பெட்டியோடு எடுத்துச் சென்றால், எக்கிருமி என்பதை அதிலிருந்தே சோதித்தறிய இயலும்.