சர்க்கரை அடங்கினால் போதுமா?



எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் அண்ணனுக்குப் பதினாறு வருடமாக நீரிழிவு. "சர்க்கரைதான் அடங்கிவிட்டதே, கொழுப்பு மாத்திரை எதற்கு?" என்று அதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சுவலியே இல்லை. ஆனால் அது மாரடைப்பு! நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாமலும் வரும்.

இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, ஈரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்போ சிறு துகள்களாகி இரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைகிறது. சீட்டில் எண் சாதாரணமாகவே தெரியலாம். சர்க்கரை இறங்கினால் டிரைகிளிசரைடும் இறங்கும்; கெட்ட கொழுப்பு அவ்வளவாக இறங்காது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதய நோய் இல்லாத 2,838 நீரிழிவுக்காரர்களிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து 37 சதவீதம் குறைந்தன.

பெரும்பாலோருக்கு மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குள்ளும், கெட்ட கொழுப்பு டாக்டர் சொல்லும் அளவுக்குள்ளும் இருக்கவேண்டும். இதய நோய் கண்டவர்களுக்கு இன்னும் கீழே. கொழுப்புப் பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிவலப் பாதை நம் அடி அண்ணாமலை வாசலிலேயே கிடக்கிறது. வெளியூரார் பௌர்ணமிக்கு வந்து 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நாமோ பால் வாங்கவும் வண்டி எடுக்கிறோம்! தினம் அரைமணி நடங்கள். கால் மரத்தவர்கள் செருப்போடு நடங்கள், வெட்கம் வேண்டாம்.

அண்ணன் இப்போது இரண்டு மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறார்.