எனக்குப் பிறகு யார்?

(யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற அன்னையர் கூட்டத்தில், நோயாளர் சந்திப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி என்றதும் நம் கண்முன் வருவது கொடியேற்றம், தேர்ப்பவனி, சமபந்தி விருந்து. ஆனால் லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் யூபிலியின் பொருள் வேறாக இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டில் ஊரெங்கும் கொம்பு ஊதுவார்கள். இழந்த நிலம் உரியவனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குப் போவான். ஆகவே யூபிலி என்பது விடுதலை, வீடு திரும்புதல். இந்த மகிழ்ச்சியான நாளில், வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும் ஒரு தாயைப் பற்றியும் அவள் மகனைப் பற்றியும் பேச எங்களை அனுமதிக்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தேர்த் திருவிழா. செபமாலை சொல்லிக்கொண்டு கூட்டம் நகர்ந்த நேரத்தில், இருபத்தெட்டு வயது இளைஞன் ஒருவன் நடுவே புகுந்து, கண்ணுக்குத் தெரியாத யாரையோ பார்த்துக் கூச்சலிட்டான். தொண்டர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டு, வளாகத்தின் கதவைச் சாத்தினார்கள். அவனைப் பெற்றவள் அவனோடு வெளியே போனாள். பவனி முடிந்து விளக்குகள் அணைந்த பிறகும் இருவரும் கதவுக்கு அப்பால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொண்டர்கள் வேறு யாருமல்லர். இன்று உங்கள் முன் நின்று பேசும் நாங்களேதான். எங்கள் குழு பிறந்தது அன்றிரவு எங்களுக்கு ஏற்பட்ட வெட்கத்திலிருந்து.

மறுநாள் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். கணவனை இழந்தவள். மாங்காய்க் காலத்தில் தோப்புக் கூலி, மற்ற நாளில் புளியங்கொட்டை எடுக்கும் வேலை. மகன் ஐ.டி.ஐ. படித்து ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு உடன் வேலை செய்பவர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொன்னான். யாரும் இல்லாத அறையில் குரல்கள் கேட்டன. வேலை போய், ஊர் திரும்பினான். மந்திரிப்பவரிடம் ஒரு ஆட்டுக்குட்டி போயிற்று; தாயத்துக்குக் காதுத்தோடு போயிற்று; திருத்தலம் திருத்தலமாக அலைந்ததில் இருந்த கொஞ்சப் பணமும் போயிற்று.

“ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலையா?” என்று கேட்டோம்.

“கூப்பிட்டா வரமாட்டேங்கறான் ஐயா. வளர்ந்த பிள்ளைய இடுப்புல தூக்கிட்டா போக முடியும்? பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா இவன் தங்கச்சிய யாரு கட்டுவாங்க?” என்றாள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் இருக்கற வரைக்கும் கஞ்சி ஊத்துவேன். எனக்கப்புறம் இவன யாருங்க பாப்பாங்க?” என்றாள்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய எங்கள் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான்.

அன்பர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இளைஞனுக்கு வந்தது மனச்சிதைவு நோய். சாபமன்று, செய்வினையன்று, தாய் வளர்த்த குற்றமுமன்று. நீரிழிவைப் போல, காக்கை வலிப்பைப் போல இதுவும் ஒரு நோய். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து முப்பதுகள் வரை, அதாவது பிள்ளை குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் வயதிலேயே தலைகாட்டும். 1952இல் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்ட நாள் முதல், இந்நோயை மருந்தால் அடக்க முடியும் என்பது உலகறிந்த உண்மை. ஆனால் மருந்து இருந்தும் போய்ச் சேரவில்லை. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100 பேரில் ஏறக்குறைய 10 பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை.

“அப்படியானால் பேய் என்பது இல்லையா? நற்செய்தியிலேயே இருக்கிறதே!” என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் கெரசேனர் நாட்டு மனிதனை நினைத்துப் பாருங்கள். ஊரார் அவனுக்குச் செய்தது என்ன? சங்கிலி போட்டார்கள், கல்லறைகளின் நடுவே விட்டார்கள். ஆண்டவர் செய்தது என்ன? பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடை உடுத்தி, அறிவு தெளிந்து அமர்ந்திருந்தான். தம்மோடு வர விரும்பிய அவனை ஆண்டவர் அவனுடைய வீட்டாரிடமே அனுப்பிவைத்தார். சங்கிலி ஊரின் வழி. வீட்டுக்கு அனுப்புவது ஆண்டவரின் வழி.

நம் தாய்த் திருச்சபையும் இதில் தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1673ஆம் பத்தியில், மனநோய் என்பது முற்றிலும் வேறானது, அதற்குச் சிகிச்சை அளிப்பது மருத்துவத்தின் பணி என்ற கருத்தைக் கூறுகிறது. பேயோட்டும் சடங்கை ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் நடத்தலாகாது. அதற்கு முன் நோயா என்று ஆராய வேண்டும். திருச்சபையே இவ்வளவு நிதானம் காட்டும்போது, வேப்பிலையும் சாட்டையும் எடுக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

மருந்தில்லாத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கண்ணீர்ச் சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நம் ஊர்த் தாயைப் போல எல்லா வாசலையும் தட்டிக் களைத்தவர்கள். இதை ஒரு மதத்தின் குறையாக யாரும் எண்ண வேண்டாம். எல்லா மதத்தாரும் அங்கே போனார்கள். பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில், தொழுகையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநலச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. செபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அங்கிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

நம் புனிதர்களுள் ஒருவரும் இந்த வேதனையை அறிந்தவர். இறை புனித யோவான் 1495இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். ஸ்பெயினின் கிரனாடா நகரில் மனம் கலங்கி அலைந்தபோது, அவரைப் பிடித்து மருத்துவமனையில் அடைத்தார்கள். அக்கால வழக்கப்படி அடியே அவருக்குச் சிகிச்சையாயிற்று. வெளியே வந்த அவர், நோயாளிகளை மனிதராக நடத்தும் மருத்துவமனை ஒன்றைத் தாமே தொடங்கினார். மார்ச் 8 அவர் திருநாள். அதுபோலவே, தன் மகனுக்காக அழுத தாய் என்று புனித மோனிக்காவைச் சொல்கிறோம். அவர் அழுதது மட்டுமா? கடல் கடந்து மிலான் வரை மகனைத் தேடிப் போனார். அம்புரோஸ் ஆயரின் துணையை நாடினார். கண்ணீரோடு காலும் நடந்தது. நம் தாய்மாருக்கும் அதையே சொல்கிறோம்.

நடந்து போகும் இடம் தொலைவில் இல்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அங்கே தமிழில் பேசினால் விழிக்க வேண்டியதில்லை. திருப்பத்தூர் வழியாகப் போனால் வேலூர். அங்கே பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு உறவினரும் தங்கும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் கூடாரங்கள் அடித்து, குடும்பத்தாரை நோயாளிகளோடு தங்க வைத்தார். வீட்டார் உடனிருந்தால் நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார் என்று கண்டார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோதும், மருந்தோடு வேலையும் குடும்பத்துக்கு ஆறுதலும் வேண்டும் என்பதையே வலியுறுத்தினார்.

“வர மறுக்கிறானே, என்ன செய்வேன்?” என்ற தாயின் கேள்விக்கும் வழி உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவை. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. தாயும் தமிழில் பேசி ஆலோசனை கேட்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலியால் கட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. நோய் முற்றித் தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் நிலையில், நோயாளியின் சார்பாளர் விண்ணப்பித்து, சட்டம் சொல்லும் வல்லுநர் இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால், 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க இடமுண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் அடங்கும். மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெற்று, கிடைக்கக்கூடிய உதவிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயோடு அந்த அலுவலகத்துக்குப் போக நம் இளைஞர் மன்றத்தில் ஒருவர் கிடைக்கமாட்டாரா?

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவையும் சில உண்டு. குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் “பொய்” என்று சண்டையிடாதீர்கள், “உனக்குப் பயமாக இருக்கிறதா? நான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். குணமானதுபோல் தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; நோய் திரும்ப வருவது பெரும்பாலும் இப்படித்தான். கை நடுங்கினாலோ உடல் பருத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தருவார். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. சாக விரும்புவதாகச் சொன்னால் ஒருநாளும் அலட்சியம் வேண்டாம். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறோம். எனக்குப் பிறகு யார்?

பெல்ஜியம் நாட்டில் கீல் என்று ஓர் ஊர். அங்கே மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் ஆலயம் இருக்கிறது. நடுக்காலத்தில் நாலா திசையிலிருந்தும் நோயாளிகளை அங்கே கொண்டுவந்தார்கள். ஆலயத்தில் இடம் போதவில்லை. அப்போது ஊரார் கதவைச் சாத்தவில்லை. தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். வந்தவர்கள் அந்த வீட்டாரோடு உண்டார்கள், வயலில் உழைத்தார்கள், குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள். 1930களின் இறுதியில் அந்த ஊரின் வீடுகளில் 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் வாழ்ந்தார்கள். எண்ணிக்கை இப்போது மிகக் குறைந்திருந்தாலும் அந்த வழக்கம் அற்றுப்போகவில்லை. ஒரு பங்கு நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“அது வெள்ளைக்காரர் ஊர், நமக்கு ஆகுமா?” என்று கேட்பீர்கள். எங்கள் சிறு அனுபவத்தைச் சொல்லி முடிக்கிறோம். அந்த இளைஞனை அவன் தாய்மாமனும் நாங்களும் பேசிப் பேசி, நான்காம் முறை பஸ் ஏற்றினோம். இப்போது அவன் மருந்தில் இருக்கிறான். முழுக் குணம் என்று சொல்லமாட்டோம். சில நாள் குரல்கள் வரும். அன்று போர்வைக்குள் கிடப்பான். மற்ற நாளில் மாந்தோப்புக்குக் காவல் போகிறான். ஞாயிறு பூசைக்குக் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறான்.

சென்ற ஆண்டு அவன் தாய்க்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று நாள் அவள் வீட்டில் இல்லை. நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டிலிருந்து காலைக் களி, ஒரு வீட்டிலிருந்து இரவுச் சோறு. ஒருவர் மாத்திரை கொடுத்துப் பக்கத்தில் நின்றார். ஒருவர் இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டார். முதல் நாள் நாங்கள் பயந்தோம். இரண்டாம் நாள் அவன் பயந்தான். மூன்றாம் நாள், திண்ணையில் படுத்தவருக்கு அவனே போர்வை கொண்டுவந்து கொடுத்தான். கண்கட்டோடு திரும்பிவந்த தாய் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்று நாள் முடிந்தது என்றால் முப்பது நாள் முடியாதா? நான்கு வீடு நாற்பது வீடானால், ஒரு தாய் கண்மூடும்போது அந்தக் கேள்வியைத் தன்னோடு கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டியிராதே! இந்த யூபிலியின் நினைவாகக் கல்லிலும் சுதையிலும் எழுப்புவதை எழுப்புவோம். கூடவே, இப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு வீடு என்று ஒரு பட்டியல் எழுதுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்திக்குமாறு வேண்டுகிறோம். அன்று நாங்கள் சாத்திய கதவை இன்று எல்லோரும் சேர்ந்து திறப்போம்.

சிலுவையடியில் தம் தாயைச் சீடரிடமும் சீடரைத் தாயிடமும் ஒப்படைத்த ஆண்டவர், இந்தத் தாய்மாரையும் பிள்ளைகளையும் நம்மிடம் ஒப்படைக்கிறார். வியாகுல அன்னை நமக்காக மன்றாடுவாராக.