‘கேம் ஓடல டீச்சர்’ – அதற்கு அடுத்த வாக்கியம்

(வட்டார வள மையத்தில் கணிதப் பட்டதாரி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பேச்சு என்னுடையது. தூக்கம் வரும் நேரம். அதனால் விளையாட்டைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன். கணினியில் ஆடும் போர் விளையாட்டு, பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. பயிற்சியில் பேசுகிற விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை ஆடுகிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எப்படிப் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள், எப்படி யுக்தி சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நமக்கு, குறிப்பாகக் கணக்கு நோட்டுத் திருத்துகிற நமக்கு, எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் இதை உருவாக்கியது. 1999-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மூன்று குடிமக்கள், ஒரு வேவுக் குதிரைவீரன், ஒரு நகர மையம். கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். இதிலிருந்து ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிராளியை வெல்ல வேண்டும். 2000-ல் ‘தி கான்கரர்ஸ்’ என்ற விரிவாக்கம் வந்தது. 2013-லும் 2019-லும் புதுப்பித்த பதிப்புகள் வந்தன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆடுகிறார்கள்.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். எழுத்துக் கணக்கு வந்தால் விடைத்தாளில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். ஒருநாள் அவனுடைய அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டோடு பள்ளிக்கு வந்தார். லோடு ஏற்றும் வேலை பார்ப்பவர். “டீச்சர், படிக்கிற பையன் எழுதுறதா இது? மாமன் குடுத்த லேப்டாப்பையும் இந்த நோட்டையும் சேத்துப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டு, பையன வேலைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்” என்றார். கோபத்தில் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தெருவில் அப்படிப் போன பையன்களை எனக்குத் தெரியும்.

நோட்டை ஒரு வாரம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே பாதிக்கு மேல் பழுது, மீதி யுக்தி. அவனும், அவன் சித்தப்பா பையனும், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் மாறிமாறி எழுதியிருந்தார்கள்.

முதல் பக்கத்தில் ஒரு பழுது. விண்டோஸ் 7 கணினியில் பழைய பதிப்பைத் திறந்தால் நிறம் குழம்பிவிடுகிறது, புல் ஊதாவாகிறது, தண்ணீரில் சிவப்புப் புள்ளிகள். இந்தச் சிக்கல் உலகம் முழுக்க இந்த விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரிந்த சிக்கல். பழைய விளையாட்டு மொத்தம் 256 நிறம் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்து நிறம் தீட்டுகிறது. சிறு குழந்தைகளுக்கு எண் போட்ட படம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வோமே, அதுபோல. விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் நடுவில் புகுந்து அந்தப் பட்டியலில் சில எண்களுக்கான நிறத்தை மாற்றிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தால் நிறம் சரியாகும். ஆடி முடித்ததும் அதை மறுபடி ஓடவிட வேண்டும்.

தீர்வைவிட, அதற்கு முன் அவர்கள் எழுதியிருந்ததுதான் என்னை நிறுத்தியது. ‘கணினியை அணைத்துப் போட்டோம், மாறவில்லை. திரை அளவை மட்டும் மாற்றினோம், மாறவில்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு, விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினோம், மாறவில்லை.’ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட்டிருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியர்கள் மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று எத்தனை பாடவேளை சொல்லிப் பார்க்கிறோம்!

அடுத்த பழுது இன்னும் சுவையானது. இரண்டு கணினிகளை இணைத்து ஆடும்போது, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் நடுவில் ‘ஒத்திசைவு போய்விட்டது’ என்ற அறிவிப்போடு நின்றுவிடும். கடைசியில் காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவனிடம் இருந்தது 1.0 பதிப்பு, மற்றவன் 1.0சி என்ற திருத்தப் பொதியை ஏற்றியிருந்தான். பென் டிரைவில் கைமாறும் பிரதிகளில் இந்தக் குழப்பம் சகஜம். அப்படிப் பிரதி எடுப்பது சரியல்ல, வைரஸும் சேர்ந்தே வரும் என்பதையும் அவர்களிடம் சொன்னேன். இந்த வகை விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு 0 ஏ.டி. என்று கட்டற்ற மென்பொருளே இருக்கிறது. லினக்ஸிலும் ஓடும், காசும் வேண்டாம்.

பதிப்பு மாறினால் ஏன் ஆட்டம் உடைகிறது? இந்த விளையாட்டுகளின் வலைத்தொடர்பை எழுதிய பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைபேசிக் கம்பி வழியே மோடம் வைத்து இணையம் பார்த்த காலம். நூற்றுக்கணக்கான வீரர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு உயிர் மிச்சம் என்றெல்லாம் அந்த மெல்லிய கம்பியில் அனுப்ப முடியாது. அதனால் ஆட்டக்காரர் கொடுத்த கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். ‘இந்தக் குடிமகன் அந்த மரத்தை வெட்டட்டும்’ என்ற ஒரு வரி. அந்த வரியை வைத்து ஒவ்வொரு கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எட்டு அறைகளில் எட்டு மாணவர்களை உட்காரவைத்து, விடையைச் சொல்லாமல் படிகளை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்வது போல. எல்லோரும் ஒரே முறையில் செய்தால் விடை ஒன்றாக வரும். சீரற்ற எண்கள்கூட எல்லாக் கணினியிலும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து பிறக்கும்படி வைத்திருந்தார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த மான் வருகிறது. வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் ஒரு மான் இம்மியளவு தள்ளி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது. அது மேயும் திசை கொஞ்சம் மாறும். சில நிமிடம் கழித்து வேட்டைக்குப் போன குடிமகனின் ஈட்டி ஒரு கணினியில் குறிதவறும், மற்றதில் படும். இங்கே இறைச்சி இல்லை, அங்கே இருக்கிறது. அதன் பிறகு இரண்டும் இரண்டு வேறு உலகம். கணினிகள் அவ்வப்போது தங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதால் அப்போது ஆட்டம் நிற்கிறது. ஆக, நின்ற இடத்தில் தேடிப் பயனில்லை. அவர்கள் பெரிய பெரிய பதிவுக் கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு, இரண்டும் முதன்முதலாக எங்கே பிரிந்தன என்று தேட வேண்டியிருந்தது.

நாம் நோட்டுத் திருத்துவதை இதோடு வைத்துப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு. கடைசி வரியில் விடை தப்பு. சிவப்பு மையால் கடைசி வரியில் பெரிய பெருக்கல் குறி போடுகிறோம். பையன் என்ன செய்வான்? கடைசி வரியை அழித்துவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்த்துச் சரியான விடையை எழுதிக்கொள்வான். மான் தள்ளி நின்றது மூன்றாவது வரியில். அடைப்புக்குறியை நீக்கும்போது கழித்தல் குறி கூட்டலாகவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்தது அத்தனையும் சரி, வகுத்ததுகூடச் சரி. இப்போது என் வகுப்பில் விடையில் குறி போடுவதில்லை. அவன் வழி சரியான வழியிலிருந்து முதலில் பிரிகிற வரியைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். ஐம்பது நோட்டுக்கு நேரம் அதிகம்தான் ஆகிறது, மறைக்கவில்லை. ஆனால் பத்து பையன்களுக்கு வட்டம் ஒரே மாதிரி வரியில் விழுந்தால், மறுநாள் எதை நடத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. கட்டளைக்கும் செயலுக்கும் இடையே கொஞ்சம் தாமதம் இருந்தாலும், அது ஒரே சீராக இருந்தால் ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்கிறார்களாம். ஒருமுறை சட்டென்று, ஒருமுறை மெதுவாக என்று மாறினால்தான் எரிச்சல். வீட்டுப்பாட நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். மேலே பேச வேண்டாம்.

இனி யுக்திப் பகுதி. எழுத்துக் கணக்கை வெறுமையாக விடும் பையன் எழுதியதைக் கேளுங்கள். ஒரு குடிமகனை உருவாக்க 50 உணவு, 25 நொடி. கையிருப்பு 200 உணவு. அப்படியானால் நான்கு பேர், 100 நொடி. அதற்குள் ஆட்டிறைச்சி வந்து சேரவில்லை என்றால் நகர மையம் சும்மா நிற்கும். நகர மையத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம், ஏற்கெனவே நான்கு பேர். அதனால் முதல் நொடியிலேயே வீடு கட்டத் தொடங்கு. இரண்டாம் யுகத்துக்கு 500 உணவு, 130 நொடி. 18 குடிமக்களைப் புதிதாக உருவாக்க 450 நொடி, ‘லூம்’ என்ற நெசவு ஆய்வுக்கு 25 நொடி, யுகம் மாற 130. மொத்தம் 605 நொடி. 10 நிமிடம் 5 நொடியில் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ நேரம் வீணாகியிருக்கிறது.

இது எழுத்துக் கணக்கு இல்லாமல் வேறு என்ன?

அந்தக் கணக்குக்குக் கீழே ‘எந்தப் பதிப்பு’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். காரணம் உண்டு. பழைய பதிப்பில் வீட்டுக்கு 30 மரம், புதியதில் 25. முதல் பதிப்பில் வயல் தீர்ந்தால் ஒவ்வொன்றாகப் போய் மறுபடி விதைக்க வேண்டும். ‘தி கான்கரர்ஸ்’ வந்த பிறகு ஆலையில் முன்கூட்டியே மரம் கட்டிவைக்கலாம். ஒரு திருத்தம் வந்தால் பழைய யுக்தி அப்படியே செல்லாது. ஆட்டத்தைப் பதிவு செய்யும் கோப்பிலும் கட்டளைகள் மட்டுமே இருக்கும். ஆகவே பதிப்பு மாறினால் நேற்று வென்ற ஆட்டத்தின் பதிவுகூட இன்று சரியாக ஓடாமல் போகலாம்.

ஈட்டி வீரன் குதிரைப்படைக்கு எதிர் என்பது எல்லோரும் சொல்லும் யுக்தி. நோட்டில் அதன் பக்கத்தில், ‘ஒத்தையா அனுப்பாதே’ என்று இருக்கிறது. ஒருவனுக்கு ஒருவன் நின்றால் நைட் என்னும் குதிரைவீரன்தான் ஜெயிப்பான். நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம், சேர்த்து 135. ஈட்டி வீரனுக்கு 35 உணவு, 25 மரம், 60 தான். ஒரு நைட்டின் விலைக்குள் இரண்டு ஈட்டி வீரர்கள் வருவார்கள், தங்கமும் செலவாகாது. அப்போதுதான் அந்த யுக்தி உண்மை. எதிராளி பின்னால் வில்லாளிகளை நிறுத்தியிருந்தால் அதுவும் இல்லை.

2013-ல் வந்த விரிவாக்கத்தில் ‘இந்தியர்கள்’ என்று ஒரே இனமாக இருந்ததை 2022-ல் பிரித்தபோது ‘திராவிடர்கள்’ என்ற புதுப்பிரிவு வந்தது. ராஜேந்திர சோழனை வைத்து ஒரு தொடர் ஆட்டமும் இருக்கிறது. அந்தப் பிரிவை எடுத்தால் நைட்டே கிடையாது. பையனுடைய பழைய கணினியில் அது ஓடாது. இருந்தாலும் ராஜேந்திரனின் கப்பல் படையைப் பற்றிச் சமூக அறிவியல் சாரைத் துளைத்து எடுத்துவிட்டான்.

இப்போது நம்மைப் பார்ப்போம். குறுவள மையக் கூட்டத்தில் நாம் யுக்தி பரிமாறிக்கொள்வது எப்படி? “குழுவாகப் பிரித்து அட்டை கொடுத்தேன், பிரமாதமாக வந்தது.” எத்தனை பேர் இருந்த வகுப்பு, அது காலை முதல் பாடவேளையா கடைசியா, பின்னங்கள் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளா, ஒன்றும் சொல்வதில்லை. 60 பேர் உள்ள வகுப்பில் இன்னொருவர் செய்து பார்த்து, சத்தம் தாங்காமல் விட்டுவிடுகிறார். பிறகு முறையே சரியில்லை என்கிறோம். செயலியும் அப்படித்தான். “வருகைப் பதிவு ஆப் வேலை செய்யல” என்று குழுவில் முப்பது செய்திகள் வரும். எந்தக் கைபேசி, எந்தப் பதிப்பு, எந்தத் திரையில் நின்றது என்று ஒரு செய்தியிலும் இருக்காது. உதவ நினைப்பவருக்கும் வழி இல்லை.

என் வகுப்பில் இதை ஒரு சிறு பழக்கமாக்கியிருக்கிறேன். சந்தேகம் கேட்க வருபவர் நான்கு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். என்ன செய்ய நினைத்தேன், என்ன செய்தேன், என்ன வந்தது, எந்த வரி வரை எனக்கு நிச்சயம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு வேடிக்கை. நான்காவது வரியை எழுதும்போதே சிலர் “ஐயோ, கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்” என்று வாசலிலிருந்து திரும்பிப் போனார்கள்.

அந்தப் பையனுடைய அப்பாவை மறுபடி வரச்சொல்லி, 605 நொடிக் கணக்கை அவரே கூட்டிப் பார்க்கும்படி காட்டினேன். லோடு கணக்குப் பார்க்கிறவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சனி, ஞாயிறு தலா ஒரு மணி நேரம், மற்ற நாளில் சார்ஜர் அம்மாவின் பீரோவில். இரவில் ஆட்டம் இல்லை, காசு கட்டி ஆடுவது எதுவும் இல்லை. இதில் நானும் கறார். தூங்காமல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு எந்த யுக்தியும் உதவாது. அவன் கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் விடைத்தாளில் எழுத்துக் கணக்குக்கான இடம் இப்போது வெள்ளையாக இருப்பதில்லை. நான் வட்டம் போட ஏதாவது ஒரு வரி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டான்.

உங்கள் மேசையில் அரைத்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் சரிப்படாமல் போன ஒரு பாடத்தை அந்த நான்கு வரியில் எழுதுங்கள். மேலே வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, பாடவேளை மூன்றையும் மறக்காமல் குறியுங்கள், பெயர் வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து வலப்பக்கம் இருப்பவரிடம் மாற்றிக்கொள்வோம். பாடம் முதலில் எந்த வரியில் தடம் மாறியது என்று அவர் வட்டம் போடட்டும்.