எதிர்ப்பக்கத்து ஊசி



அழைப்பிதழில் தலைமை உரை என்று போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, இன்று காலைதான் ஒருவழியாக முடித்தேன். என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முதல் வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இப்போதே சிரிக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதவியை ஒப்புக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் நினைத்தாலும் தப்பில்லை.

நாம் கூடியிருக்கும் இந்தச் சென்னை முகப்பேரின் பெயரை மகப்பேறோடு சேர்த்துச் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளை வரம் கேட்டுச் சந்தான சீனிவாசப் பெருமாளிடம் வருகிறார்கள். இதயத்தைச் சரிசெய்துகொள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனுக்கு வருகிறார்கள். வலிக்கென்று இந்த ஊரில் இன்று ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

மாநாட்டின் பொருள் 'புற்றுநோய் வலித் தணிப்பு: இன்றைய வழிகள்'. 1979-இல் தண்டுவட நீரில் மார்ஃபின் செலுத்திப் பார்த்ததிலிருந்து இன்றைய பம்ப் வரை, நரம்பு பிளாக், கதிர்வீச்சு என எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வு இருக்கிறது. அவர்கள் வேலையை நான் செய்யப் போவதில்லை. நிகழ்ச்சி நிரலில் எங்கும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்: கார்டோடமி.

பாடம் உங்களுக்குத் தெரியும். வலி நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் ஓரிரு கணு மேலேறி, எதிர்ப்பக்கம் தாண்டி, முன்பக்கவாட்டில் மூளைக்குப் போகின்றன. அந்த இடத்தை மட்டும் அறுப்பதே கார்டோடமி. அறுத்தால் வலியும் சூடு-குளிரும் போகும், தொடுவுணர்வு அப்படியே இருக்கும். இதை 1911-இல் ஃபிலடெல்பியாவில் வில்லியம் ஸ்பில்லர் சொல்ல, எட்வர்ட் மார்ட்டின் செய்தார். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது.

ஸ்பில்லருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர்கள் படிப்பதில்லை. 1905-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. இடுப்புக்குக் கீழே வலியும் சூடும் தெரியாமல், தொட்டால் மட்டும் தெரிந்த ஒரு நோயாளி. இறந்தபின் தண்டுவடத்தை எடுத்துப் பார்த்தால், இருபுறமும் முன்பக்கவாட்டில் காசநோய்க் கட்டி. நமக்குத் தண்ணீர்பட்ட பாடான அந்த நோய், எங்கே அறுக்க வேண்டும் என்று குறி போட்டுக் காட்டிவிட்டது. மூளையின் காசநோய்க் கட்டி பற்றி நரம்பறுவை மருத்துவர் ராமமூர்த்தி காலத்திலிருந்து எழுதிக் குவித்த சென்னையில், இந்த 1905 கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

பெருமை ஸ்பில்லருக்கு என்பதற்கும், முதல் வரிசையில் சிரித்த நண்பர் மறுப்பு எழுதியிருக்கிறார். கார்டோடமி என்ற பெயரை முதலில் வைத்தவர் வியன்னாவின் ஆர்தர் ஷூலர், 1910-இல். ஆகவே பெருமை ஷூலருக்கே என்பது நண்பர் கட்சி. பெயர் ஷூலருடையது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வெட்டிப் பார்த்தது குரங்குகளில். தொட்டிலில் பிள்ளை இல்லாதபோது பெயர்சூட்டு விழாவுக்கு மட்டும் பெருமை கேட்டால் எப்படி? முகப்பேரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கத்தியால் அறுப்பது போய், ஊசி வழியே சுடும் முறை வந்தபின் நான் கண்ட ஒரு நோயாளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். வலது நுரையீரல் உச்சியில் புற்று, வலது கை முழுக்க எரிச்சல். படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மாதமாகத் தூங்கினார். கழுத்தின் இடப்பக்கம், முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசி போடப் போகிறோம் என்றதும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலி வலது கையிலதானே சார், ஏன் இந்தப் பக்கம் குத்துறீங்க?" அவர் கேட்டது நியாயம். பிளாஸ்டர் ஒட்டிய பக்கத்தைக் கண்டு இரண்டு ஆண் செவிலியரும் அதையே கேட்டார்கள்.

நோயாளி விழித்திருக்க வேண்டும். சாயம் விட்டு எக்ஸ்ரேயில் தண்டுவடத்தின் பக்கவாட்டு இழைக்கோட்டைக் கண்டு, அதற்கு முன்னால் ஊசியை நகர்த்தினோம். சிறு மின்தூண்டல். "இப்ப என்ன தெரியுது?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உள்ளங்கையில டீ கிளாஸ் பிடிச்ச மாதிரி இருக்கு சார்." வலது கையைத்தான் சொன்னார். இடம் சரி. சில நொடிச் சூடு கொடுத்தோம். அப்புறம் ஐஸ் கட்டியை அந்தக் கையில் வைத்தேன். "ஏதோ தொடுறீங்க" என்றார், அவ்வளவுதான். அன்று இரவு மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான்கு மாதம் கழித்து இறந்தார். வலியில் அல்ல.

எல்லாம் இப்படியே முடிந்ததில்லை. இன்னொருவருக்கு இடப்பக்கம் வலி நின்றதும் இரண்டு வாரத்தில் வலப்பக்கம் தலைதூக்கியது. இருபுறமும் அந்த உயரத்தில் சுட்டால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓரிரு ஆண்டில் வலி திரும்புவதும் உண்டு. ஆகவே ஆயுள் எண்ணப்பட்டவர்களுக்கு, ஒருபக்க வலிக்கு, என்பதே இதன் எல்லை.

இனி என் வழக்குக்கு வருகிறேன். 'மார்ஃபின் பரவலானதால் கார்டோடமி வழக்கொழிந்தது' என்று நம் ஆய்வேடுகள் வரிக்கு வரி எழுதுகின்றன. லண்டனுக்கு அது பொருந்தலாம். உலக சுகாதார அமைப்பு மூன்று படி வலி ஏணியை நீட்டியது 1986-இல். அதற்கு முந்தைய நவம்பரில்தான் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினைப் பூட்டி வைத்தது. காஜிப்பூர், நீமச் ஆலைகளில் அபினைப் பக்குவப்படுத்தி உலகுக்கு அனுப்பிய நாட்டில், ஒரு மாத்திரைக்காக உரிமம் மேல் உரிமம். பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் விழுந்தது. கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் அவர் நண்பர்களும் முட்டி மோதியும், சட்டம் தளர 2014 ஆயிற்று. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நாம் என்ன செய்தோம்? மேற்கே ஊசியைக் கீழே வைத்தார்கள் என்று நாமும் வைத்தோம். அவர்கள் கையில் மார்ஃபின் இருந்தது. நம் கையில் ஒன்றுமில்லை.

சிக்கல்களால்தான் கார்டோடமி செத்தது என்று நண்பர் ஒரு மதிப்புரையில் 'அருங்காட்சியகப் பொருள்' என்றே எழுதினார். அவர் பேசியது எக்ஸ்ரே காலத்தை. எண்பதுகளின் இறுதியிலேயே அங்காராவில் யூசெல் கன்போலாட் அதை சி.டி. மேசைக்குக் கொண்டுபோய்விட்டார், தண்டுவடம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அண்மையில் ஹூஸ்டனில் விஸ்வநாதன் குழு குலுக்கல் முறையில் 16 பேரைப் பிரித்துப் பார்த்தது. ஊசி போட்ட 7 பேரில் 6 பேருக்கு வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்தது. வழக்கமான தணிப்புச் சிகிச்சை மட்டும் பெற்ற 9 பேரில் ஒருவருக்கும் அந்த அளவு குறையவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அருங்காட்சியகத்தில் யாரும் குலுக்கல் நடத்துவதில்லை.

நமக்கு இன்னும் நெருங்கியது நடுக்கோட்டு மயலாட்டமி. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய காலத்தில் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இடுப்புக்குள் நடுவில், இருபுறமும் பரவும் வலி, கார்டோடமிக்கு அடங்காது. 1997-இல் நௌட்டா குழு தண்டுவடத்தின் பின்நடுவில் ஊசிமுனை அளவே கீறி அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வலி தணித்ததை எழுதியது. உள்ளுறுப்பு வலிக்கு அங்கே தனிப் பாதை இருப்பதாக நரம்பியல் ஆய்வாளர் வில்லிஸின் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருந்தார்கள். அடையாறு, ராயப்பேட்டை மருத்துவமனைகளுக்கு வரும் பெண்களில் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கவாவது வேண்டாமா? மாநிலத்தில் ஒரே ஒரு மையத்தில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். தீர்மானக் குழுவிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த லேத் தொழிலாளிக்குப் பயன்படுத்திய எலக்ட்ரோடு இங்கே என் பையில், பழைய கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறது. தேநீர் நேரத்தில் பயிற்சி மருத்துவர்கள் வந்து பார்க்கலாம். முனை இன்னும் கூர்மைதான், பார்த்துத் தொடுங்கள். நண்பர் முதலில் வரட்டும்.