மூடன் எனப் பெயர் பெற்ற பறவை



மீன் தேடி நீருள் பாயும் பறவை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. போர்ப்புண்ணைத் தைக்கும் நெடிய ஊசிக்கு, குளத்தில் மூழ்கி எழும் சிரலை உவமையாக்கினார் பரணர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் அவ்வுவமை உள்ளது. மூழ்குதலும் மீளுதலும் ஒரு கணத்தில் நிகழ்வதைக் கண்ட கண் அது. சிரல் கிளையிலிருந்து பாயும். வெப்பமண்டலக் கடலின் பூபிப் பறவையோ பல மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுகிறது. நீரைத் தொடும் நொடியில் நீண்ட சிறகுகள் பின்னோக்கி மடங்க, உடல் அம்பாகிறது. அலகில் திறந்த மூக்குத்துளை இல்லாமையால் நீர் உட்புக வழியில்லை. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் மோதலின் அதிர்ச்சியைத் தாங்குகின்றன.

இத்தகைய பறவைக்கு மாந்தர் இட்ட பெயரின் பொருள் 'மூடன்' என்பதாம். 'போபோ' என்னும் ஸ்பானியச் சொல்லே அதன் மூலம் எனக் கருதுவர். மனிதனுக்கு அஞ்சாமல் கப்பலில் வந்து அமர்ந்தது; மாலுமிகள் எளிதாகப் பிடித்து உண்டனர். 1832 பிப்ரவரியில் அட்லாண்டிக்கின் புனித பவுல் பாறைகளில் இறங்கிய டார்வினும் அதனை மந்தமானது என்றே எழுதினார். அஞ்சாமையை அறிவின்மை என்றழைத்தது கொன்றவரின் மொழியே அன்றிப் பறவையின் இயல்பு அன்று.

இக்குடும்பத்துள் அப்பாட் பூபியின் கதை தனித்தது. இன்று அது கூடு கட்டுவது ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியாவுக்குரிய கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே. மேற்கு இந்தியப் பெருங்கடலின் அசம்ப்ஷன் தீவிலும் ஒருகாலத்தில் வாழ்ந்தது. பறவை எச்ச உரத்துக்காக அத்தீவு அகழப்பட்டபின் அங்கு இல்லாதொழிந்தது. கிறிஸ்துமஸ் தீவிலோ பாஸ்பேட் சுரங்கம் வந்தது. மழைக்காட்டின் உயர்ந்த மரங்களில் இப்பறவை ஒரே முட்டை இடும். குஞ்சு ஓராண்டு வரையிலும் பெற்றோரையே நம்பியிருப்பதால், அதனை வளர்த்தெடுக்கும் இணை இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிட இயலும். சுரங்கத்துக்காகக் காடு வெட்டப்பட்ட திட்டுகளில் காற்று சுழன்றடிக்க, அருகிலுள்ள கூடுகளுக்கு வரும் பறவை தடுமாறி விழுகிறது. நீண்டு குறுகிய சிறகுடைய அதனால் காட்டுத் தரையிலிருந்து மேலெழ முடிவதில்லை. கடலுள் விழுவதையே வாழ்வாகக் கொண்ட உயிர், தரையில் விழுந்து பட்டினியால் மடிகிறது!

1960களில் பிரையன் நெல்சன் இப்பறவையை அங்கேயே தங்கி ஆராய்ந்தார். 1980இல் தேசியப் பூங்கா அமைந்தது. பின்னர் விரிந்து, 135 சதுர கிலோமீட்டர்த் தீவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அது காக்கிறது. வெட்டிய இடங்களில் மரம் வளர்க்கவும் முயன்று வருகின்றனர். ஆனால் உயர்ந்த மரம் ஒரு தலைமுறையில் எழுவதன்று.

பெர்த் நகரிலிருந்து வானூர்தியில் அத்தீவை அடையலாம். பழுப்புப் பூபி பாய்வதையும், நீண்ட செவ்வால் இறகுடைய கடற்பறவை பாறை முகட்டில் வட்டமிடுவதையும் குடியிருப்பை ஒட்டிய கரையிலேயே காணலாம். பொன்னிறச் சாயலுடைய வெண்வால் வகை தீவின் கொடியிலேயே இடம்பெற்றுள்ளது. அப்பாட் பூபிக்காகக் கரையில் காத்திருப்பதில் பயன் குறைவு. அது தொலைகடலில் இரை தேடுவது. மேட்டுநிலக் காட்டுவழியில் நின்று மர உச்சிகளை நோக்க வேண்டும். பெண்ணின் அலகு இளஞ்சிவப்பு, ஆணின் அலகு வெளிர்சாம்பல். இரண்டின் நுனியும் கருமை.